புழக்கத்தில் இருக்கும் இன்டர்ஃபேஸில் டீஃபால்ட் மெத்தட் எப்போது சேர்க்கலாம்?

ராணிப்பேட்டையில் தோல் ஏற்றுமதி நிறுவனங்களுக்கு ஜாவாவில் மென்பொருள் எழுதும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய குழு 'தோல்' என்று ஒரு இன்டர்ஃபேஸ், அதாவது ஒரு கிளாஸ் எந்தெந்த மெத்தட்களைத் தரவேண்டும் என்ற பட்டியல், வைத்திருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கத்து நிறுவனங்கள் அதை ஜார் ஃபைலாக வாங்கிக்கொண்டு, தங்கள் சரக்குக்கு ஏற்ற கிளாஸ்களைத் தாங்களே எழுதி ஓட்டுகின்றன. இப்போது அந்த இன்டர்ஃபேஸில் மூன்று மெத்தட்கள் கூடுதலாக வேண்டும்: பரப்பைச் சதுர டெசிமீட்டரில் சொல்வது, எடை சொல்வது, சரக்கு எந்த மாவட்டத்திலிருந்து வந்தது என்று சொல்வது. "மூன்றையும் டீஃபால்ட்டாகப் போட்டுவிடு, யாருக்கும் எதுவும் உடையாது" என்கிறாராம் டீம் லீட். அது சரிதானா என்று கேட்கிறார் தம்பி. (டீஃபால்ட் மெத்தட் என்றால், இன்டர்ஃபேஸே கோடையும் எழுதித் தருவது; கிளாஸ் அந்த மெத்தடை எழுதாவிட்டால் அதுவே ஓடும்.)

சுருக்கமான பதில்: புதிய மெத்தடின் விடையை, அந்த இன்டர்ஃபேஸில் ஏற்கனவே உள்ள மெத்தட்களை மட்டும் கூப்பிட்டுச் சொல்ல முடியவேண்டும். அந்த விடை, நீங்கள் கண்ணால் பார்த்தே இராத ஒரு கிளாஸுக்கும் சரியாக இருக்கவேண்டும். இரண்டும் இருந்தால் தாராளமாகப் போடுங்கள், மெதுவாக ஓடினாலும் பரவாயில்லை. தப்பான விடை வர வாய்ப்பிருந்தால் போடாதீர்கள். கம்பைல் உடையாது என்பது வரைக்கும் டீம் லீட் சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் வாடிக்கையாளருக்குப் போய்ச் சேரும் இன்வாய்ஸில் தப்பு வந்தால் எந்தக் கம்பைலரும் வந்து சொல்லாது.

இந்த வசதி ஜாவாவுக்குள் ஏன் வந்தது என்று தெரிந்தால் அதன் எல்லையும் புரியும். கலெக்‌ஷன்ஸ் இன்டர்ஃபேஸ்கள் வந்தது 1998-ல், ஜாவா 1.2-வோடு. அதன் பிறகு உலகம் முழுக்க எத்தனையோ பேர் லிஸ்ட், மேப் ஆகியவற்றுக்குத் தங்கள் சொந்த கிளாஸ்களை எழுதிவிட்டார்கள். 2014 மார்ச்சில் ஜாவா 8 லாம்டாவோடு (ஒரு மதிப்பைப் போலக் கொடுக்கக்கூடிய சின்ன ஃபங்ஷன்) வந்தபோது, கலெக்‌ஷனில் 'ஸ்ட்ரீம்', இட்டரபிளில் 'ஃபார்ஈச்' போன்றவை இல்லாவிட்டால் லாம்டா வந்தும் பயனில்லை. அப்ஸ்ட்ராக்டாக, அதாவது கோடு இல்லாமல் பெயரை மட்டும் அறிவித்து, சேர்த்தால் அத்தனை பேருடைய கோடும் அடுத்த கம்பைலில் நின்றுபோகும். அந்த இக்கட்டுக்குத்தான் டீஃபால்ட் மெத்தட். ஏற்கனவே வெளியே போய்விட்ட இன்டர்ஃபேஸை வளர்க்க ஒரு வழி, அவ்வளவே. சி ஷார்ப் 2019-ல் தன் 8-ம் பதிப்பில் இதே வசதியைக் கொண்டுவந்ததற்கு முக்கியக் காரணமும் இதுதான்.

டீஃபால்ட் இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு, ஜாவா டேட்டாபேஸோடு பேச உதவும் ஜேடிபிசி நல்ல சாட்சி. 2006-ல் ஜாவா 6 வந்தபோது கனெக்‌ஷன் இன்டர்ஃபேஸில் 'இஸ்வேலிட்' என்ற மெத்தட் புதிதாகச் சேர்ந்தது. பழைய டிரைவரின் ஜாரை அப்படியே வைத்துக்கொண்டு புதிய ஜாவாவில் ஓட்டினால் புரோகிராம் ஒழுங்காகவே தொடங்கும். கனெக்‌ஷன் பூல் அந்த மெத்தடைக் கூப்பிடும் நொடியில்தான் அப்ஸ்ட்ராக்ட் மெத்தட் எர்ரர் என்று விழும். டிரைவரை எழுதியவர் மேல் பழி சொல்ல முடியாது, அவர் எழுதும்போது அந்த மெத்தடே கிடையாது.

இனி தம்பியின் மூன்று மெத்தட்களுக்கு வருகிறேன்.

முதலாவது, சதுர டெசிமீட்டர். இது டீஃபால்ட்டுக்கென்றே பிறந்த மெத்தட். 'தோல்' இன்டர்ஃபேஸில் 'சதுரஅடி' என்ற மெத்தட் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. ஒரு சதுர அடி 9.2903 சதுர டெசிமீட்டர். ஆட்டுத்தோலா மாட்டுத்தோலா, பதனிடும் கட்டத்தில் வெட்-ப்ளூவா, கிரஸ்டா, ஃபினிஷ்டா என்பதெல்லாம் இந்தக் கணக்கை மாற்றாது. பேரணாம்பட்டில் யாரோ எழுதிய, நீங்கள் வாழ்நாளில் பார்க்கப்போகாத கிளாஸும் சதுர அடியைச் சரியாகச் சொன்னால் இதையும் சரியாகச் சொல்லும். மெஷினிலிருந்து நேரடியாக மெட்ரிக் அளவு எடுக்கும் நிறுவனம் மட்டும் ஓவர்ரைடு செய்துகொள்ளட்டும், அதாவது அந்த மெத்தடைத் தன் கிளாஸில் தானே எழுதிக்கொள்ளட்டும். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: டீஃபால்ட்டுக்குள் ரவுண்டு செய்யாதீர்கள். எத்தனை தசம இடம் என்பது பில் போடுபவர் எடுக்கவேண்டிய முடிவு. ஒவ்வொரு பீஸுக்கும் ரவுண்டு செய்து கூட்டுவதும், கூட்டிவிட்டுக் கடைசியில் ரவுண்டு செய்வதும் ஒரே தொகை தராது. பெரிய லாட்டில் அந்த வித்தியாசம் கண்ணில் படும் அளவுக்கு வரும், வாங்குபவர் மெயில் போடுவார்.

ஜாவாவின் சொந்த லைப்ரரியில் இதே வகைக்கு லிஸ்டின் 'சார்ட்' மெத்தடைச் சொல்லலாம். அதன் டீஃபால்ட், உறுப்புகளை ஒரு அர்ரேயில் எடுத்து, அடுக்கி, ஒவ்வொன்றாகத் திரும்ப லிஸ்டில் வைக்கிறது. அர்ரேலிஸ்ட் அதை ஓவர்ரைடு செய்து, நகலெடுக்காமல் உள்ளேயே அடுக்குகிறது. ஓவர்ரைடு செய்யாத லிஸ்டுக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை, விடை ஒன்றுதான். கம்பேரட்டரில் 'ரிவர்ஸ்டு', 'தென்கம்பேரிங்' இரண்டும் இந்த வகைதான். இருக்கிற ஒரே அப்ஸ்ட்ராக்ட் மெத்தடான 'கம்பேர்' மேல் ஏறி நிற்கின்றன, வேறு எதையும் ஊகிப்பதில்லை. லாம்டாவாகப் பயன்படும் இன்டர்ஃபேஸில் இரண்டாவது அப்ஸ்ட்ராக்ட் மெத்தட் வந்தாலே அது லாம்டாவுக்கு ஆகாது. ஆகவே அங்கே கூடுதல் வசதி தர டீஃபால்ட்தான் வழி.

இரண்டாவது, எடை. இங்கேதான் கை கொஞ்சம் நிற்கவேண்டும். "சதுர அடியைச் சராசரி எடையால் பெருக்கிப் போட்டால் போதுமே" என்று தோன்றும். ஷூவின் உள்ளே போடும் ஆட்டுத்தோல் லைனிங்கும், அடியில் போடும் சோல் தோலும் ஒரே பரப்பில் ஒரே எடை இருக்குமா? தடிமன் வேறு, ஈரம் வேறு, பதனிட்ட முறை வேறு. இன்டர்ஃபேஸில் தடிமனுக்கு மெத்தடே இல்லாதபோது எடைக்கு விடை சொல்ல உங்களிடம் ஆதாரமே கிடையாது. சராசரி என்ற பெயரில் ஒரு ஊகத்தைப் போட்டு வைத்தால், அதை நம்பி யாரோ ஒருவர் கன்டெய்னருக்கு எடை கணக்குப் போடுவார். சைபர் திருப்புவது இன்னும் மோசம். சைபர் ஒரு நல்ல எண்ணைப் போலவே கூட்டலில் கலந்துவிடும், மொத்தத்தில் எங்கே குறைந்தது என்று தேடித் தேடிக் களைத்துப்போவோம்.

இதற்கு மூன்று நேர்மையான வழிகள் இருக்கின்றன. எடை தெரிந்த தோலுக்கென்று 'தோல்' இன்டர்ஃபேஸை நீட்டிக்கும் தனி இன்டர்ஃபேஸ் ஒன்றை உருவாக்கி, எடையை அங்கே அப்ஸ்ட்ராக்டாக வைப்பது முதல் வழி. என் விருப்பமும் அதுதான். இரண்டாவது, ஆப்ஷனல் திருப்பும் டீஃபால்ட். யாரும் ஓவர்ரைடு செய்யாவிட்டால் வெறும் ஆப்ஷனல் வரும், அதாவது "எனக்குத் தெரியாது" என்ற பதில். அது எந்தக் கிளாஸுக்கும் பொய்யாகாது. ஜேடிபிசி இதைப் போன்ற ஒன்றைச் செய்திருக்கிறது: டேட்டாபேஸ் மெட்டாடேட்டாவில் 'சப்போர்ட்ஸ் ரெஃப் கர்சர்ஸ்' என்ற மெத்தடை ஜாவா 8-ல் சேர்த்தபோது டீஃபால்ட்டாக 'ஃபால்ஸ்' வைத்தார்கள். அந்த வசதியைப் பற்றிக் கேள்வியே படாத பழைய டிரைவருக்கு 'இல்லை' என்பதுதான் சரியான பதில்.

மூன்றாவது, எக்ஸெப்ஷன் எறியும் டீஃபால்ட். இதை எல்லா இடத்திலும் பரிந்துரைக்க மாட்டேன். ஜாவா 8-ல் இட்டரேட்டரின் 'ரிமூவ்' மெத்தடுக்கு இப்படித்தான் செய்தார்கள்: ஓவர்ரைடு செய்யாவிட்டால் 'அன்சப்போர்ட்டட் ஆபரேஷன்' எறியும். அது அங்கே பொருந்தும், ஏனென்றால் 'ரிமூவ்' விருப்பப்பட்டால் செய்யலாம் என்றுதான் ஆரம்பத்திலிருந்தே ஒப்பந்தம். கூப்பிடுபவருக்கு அது முன்பே தெரியும். உங்கள் இன்டர்ஃபேஸில் அப்படி ஒரு வழக்கம் இல்லாதபோது திடீரென்று எறிய ஆரம்பித்தால், பழைய அப்ஸ்ட்ராக்ட் மெத்தட் எர்ரரை வேறு பெயரில் கொண்டுவந்தது போலத்தான்.

மூன்றாவது மெத்தட், மாவட்டம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. 2018-ல் ஒருவர் இந்த மெத்தடை எழுதி, "நம் வாடிக்கையாளர்கள் எல்லாரும் வேலூர் மாவட்டம்தானே" என்று டீஃபால்ட்டாக 'வேலூர்' என்று திருப்பியிருந்தால், அன்றைக்கு அது ஆம்பூருக்கும் சரி, ராணிப்பேட்டைக்கும் சரி. டெஸ்ட் எல்லாம் பாஸ். 2019 நவம்பர் 28 அன்று ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகச் செயல்படத் தொடங்கின. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின. ஆற்காடும் வாலாஜாவும் அரக்கோணமும் ராணிப்பேட்டைக்குப் போயின. பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூரிலேயே இருந்தன. அந்த டீஃபால்ட்டை நம்பிய கிளாஸ்களில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஒரு வார்னிங்கும் வரவில்லை, ஆனால் ஒரே இரவில் பாதிக் கிளாஸ்கள் தப்பான பதில் சொல்லத் தொடங்கியிருக்கும். இது நமக்குப் புதிதும் இல்லை. 1989-ல் வட ஆற்காடு பிரிந்து திருவண்ணாமலை தனியாகப் போனபோதும் இதே கதைதான். இன்றைக்கும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் 'நார்த் ஆற்காடு' வந்துவிடும்.

இதில் கவனிக்கவேண்டியது, அந்த டீஃபால்ட் இன்டர்ஃபேஸின் மற்ற மெத்தட்களிலிருந்து விடையை எடுக்கவில்லை என்பதை. வெளி உலகத்தைப் பற்றிய ஒரு செய்தியை உள்ளே புதைத்து வைத்தது. வரி விகிதம், கரன்சி, மாநிலக் குறியீடு, ஒரு நிறுவனத்தின் வழக்கமான கிரேடு, இவையெல்லாம் இந்த ரகம். இவற்றை டீஃபால்ட்டில் வைப்பவர் அவற்றின் மேல் உரிமை இல்லாமலே வைக்கிறார். பின்கோடோ ஊர்ப் பெயரோ கொடுத்தால் மாவட்டம் சொல்லும் தனி கிளாஸ் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அரசு மறுபடி எல்லையை மாற்றினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

விடை சரியாக இருந்தும் டீஃபால்ட் கவிழ்வது உண்டு. பலர் தவறவிடும் இடம் அது. கலெக்‌ஷனில் ஜாவா 8 சேர்த்த 'ரிமூவ்இஃப்' மெத்தடைப் பாருங்கள். நிபந்தனைக்குப் பொருந்துவதையெல்லாம் நீக்கு என்பது வேலை. டீஃபால்ட், இட்டரேட்டரை எடுத்து ஒவ்வொன்றாகச் சோதித்து நீக்குகிறது. இதைவிடப் பொதுவாக அதை எழுத முடியாது. ஆனால் அப்பாச்சி காமன்ஸ் கலெக்‌ஷன்ஸ் லைப்ரரியில் 'சிங்க்ரனைஸ்டு கலெக்‌ஷன்' என்று ஒரு கிளாஸ் உண்டு. உள்ளே இருக்கும் கலெக்‌ஷனின் ஒவ்வொரு மெத்தடையும் லாக் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) எடுத்த பிறகே கூப்பிடுவேன் என்பது அது கொடுத்திருந்த வாக்கு. ஜாவா 8 வந்ததும் அந்தக் கிளாஸுக்கு, அதை எழுதியவர் கேட்காமலே, 'ரிமூவ்இஃப்' வந்து சேர்ந்தது. லாக் என்று ஒன்று இருப்பதே அந்த டீஃபால்ட்டுக்குத் தெரியாது. ஒரு த்ரெட் அதை ஓட்டிக்கொண்டிருக்கும்போது இன்னொரு த்ரெட் உள்ளே எதையாவது சேர்த்தால், 'கன்கரன்ட் மாடிஃபிகேஷன்' எக்ஸெப்ஷனோ அதைவிட விபரீதமோ வரலாம். ஜாவாவின் சொந்த 'சிங்க்ரனைஸ்டு' ரேப்பர்களில் (வேறொன்றைச் சுற்றிப் போர்த்தும் கிளாஸ்கள்) அதே பதிப்பிலேயே ஓவர்ரைடு எழுதிவிட்டார்கள், ஏனென்றால் அந்தக் கோடு அவர்கள் கையில் இருந்தது. அப்பாச்சி பக்கம் பின்னால் வந்த பதிப்பில்தான் சேர்ந்தது.

ஆகவே மெத்தடின் விடையோடு நிறுத்தாமல், மற்றவர்கள் தங்கள் கிளாஸைச் சுற்றி என்னென்ன போர்த்தியிருக்கக்கூடும் என்றும் யோசிக்கவேண்டும்: லாக், கேஷ், ஆடிட் பதிவு, பெர்மிஷன் சோதனை. 'தோல்' இன்டர்ஃபேஸைச் சுற்றி ஒரு நிறுவனம், "யார் எப்போது அளவைப் பார்த்தார்கள்" என்று பதிவு செய்யும் ரேப்பர் எழுதியிருந்தால், உங்கள் சதுர டெசிமீட்டர் டீஃபால்ட் உள்ளுக்குள் 'சதுரஅடி'யைக் கூப்பிடுவதால் பதிவு தானாக நடந்துவிடும். அதே ரேப்பருக்கு உள்ளே இருக்கும் நிறுவனம் சதுர டெசிமீட்டரை ஓவர்ரைடு செய்திருந்தால்? ரேப்பர் அதைக் கண்டுகொள்ளாது, 9.2903-ஆல் பெருக்கியதையே சொல்லும். மெஷின் கொடுத்த அளவு உள்ளேயே கிடக்கும். இது பேரிடர் கிடையாது, ஆனால் வெளியீட்டுக் குறிப்பில் எழுதியிருந்தால் அவர்கள் ஒரு வரி சேர்த்துச் சரிசெய்துகொள்வார்கள்.

பெயர் மோதலைப் பற்றியும் சொல்லவேண்டும். கம்பைல் உடையாது என்பது 'பெரும்பாலும்' சரி என்றேனே, அதற்குக் காரணம் இதுதான். ஒரே கிளாஸ் இரண்டு இன்டர்ஃபேஸ்களை இம்ப்ளிமென்ட் செய்து, இரண்டிலும் ஒரே பெயரில், ஒரே ஆர்க்யுமென்டோடு டீஃபால்ட் இருந்தால் கம்பைலர் ஏற்காது. கிளாஸே அந்த மெத்தடை எழுதித் தீர்க்கவேண்டும். ஜாவா 15-ல் 'கேரக்டர் சீக்வென்ஸ்' இன்டர்ஃபேஸில் 'இஸ்எம்ப்டி' சேர்த்தபோது இந்த அபாயத்தை வெளியீட்டுக் குறிப்பிலேயே சொன்னார்கள். இன்னொரு விதி, கிளாஸில் ஏற்கனவே அதே பெயரில், அதே ஆர்க்யுமென்டோடு பப்ளிக் மெத்தட் இருந்தால் அதுதான் ஜெயிக்கும். உங்கள் டீஃபால்ட் சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொள்ளும். வாணியம்பாடியில் ஒருவர் 'எடை' என்ற பெயரில் உப்போடு சேர்ந்த எடையைச் சொல்லும் மெத்தட் ஏற்கனவே வைத்திருந்தால், நீங்கள் நினைக்கும் நிகர எடைக்குப் பதிலாக அதுதான் போகும். ஆகவே 'எடை', 'தரம்', 'நிலை' போன்ற பொதுப் பெயர்களைத் தவிர்த்து, 'நிகரஎடைகிலோவில்' என்பது மாதிரி கொஞ்சம் நீளமாகவே வையுங்கள்.

ஆண்ட்ராய்டு எழுதுபவர்களுக்கு இந்தப் பெயர் மோதல் பட்ட அனுபவம். 2023-ல் ஜாவா 21, லிஸ்டில் 'ரிமூவ்ஃபர்ஸ்ட்', 'ரிமூவ்லாஸ்ட்' என்று டீஃபால்ட் மெத்தட்களைச் சேர்த்தது. ஆண்ட்ராய்டு ஆப்கள் எழுதப் பயன்படும் கோட்லின் மொழியில் அதே பெயரில் எக்ஸ்டென்ஷன் ஃபங்ஷன்கள் (கிளாஸுக்கு வெளியிலிருந்து சேர்ப்பவை) முன்பே இருந்தன. ஆண்ட்ராய்டு 15-க்கான எஸ்டிகேயோடு கம்பைல் செய்தால், கோட்லின் விதிப்படி மெம்பர் மெத்தடுக்கே முன்னுரிமை என்பதால், அதே கோடு ஜாவாவின் புதிய மெத்தடைப் பிடித்துக்கொண்டது. ஆண்ட்ராய்டு 14-லும் அதற்குப் பழைய போன்களிலும் அந்த மெத்தடே கிடையாது, ஆப் கிராஷ் ஆனது. எழுதியவர் தன் கோடில் ஒரு வரியும் தொட்டிருக்க மாட்டார்.

இதுவரை சொன்னதெல்லாம் இம்ப்ளிமென்ட் செய்தவர்கள் உங்கள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கும்போது. எல்லாக் கிளாஸும் உங்கள் ரெப்போவிலேயே இருக்கின்றன என்றால் என் கருத்து நேர்மாறு: டீஃபால்ட் போடாதீர்கள், அப்ஸ்ட்ராக்டாகவே சேருங்கள். கம்பைலர் சிவப்பாகக் காட்டும் ஒவ்வொரு கிளாஸையும் திறந்து, இதற்கு என்ன பதில் சரி என்று யோசித்து எழுதுங்கள். அந்தச் சிவப்புக் கோடு இலவசமாகக் கிடைக்கும் செக்லிஸ்ட். டீஃபால்ட் போட்டு அதை வாயடைக்க வைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து புரொடக்‌ஷனில் தேடுவது யாருக்கு லாபம்? அவசரத்துக்கு டீஃபால்ட் போடும் பழக்கத்தை நம் பக்கத்து அலுவலகங்களில் நிறையப் பார்க்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அதை வழிமுறையாகவே சொல்லித் தருகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

உள்ளே ஒன்றும் இல்லாத மெத்தட் டீஃபால்ட்டாக இருப்பது எங்கே நல்லது என்றால், நிகழ்வுகளைக் கேட்கும் இன்டர்ஃபேஸ்களில். "ஏதாவது நடந்தால் சொல்கிறேன், வேண்டுமென்றால் கேட்டுக்கொள்" என்ற வகைக்கு ஒன்றும் செய்யாமல் இருப்பதே சரியான பதில். ஸ்ப்ரிங் 5-ல் 'வெப் எம்விசி கான்ஃபிகரர்' மெத்தட்களை டீஃபால்ட்டாக்கி, அதுவரை இருந்த வெற்று அடாப்டர் கிளாஸை ஓய்வு பெறச் செய்தார்கள். சர்வ்லெட் 4.0-ல் ஃபில்டரின் 'இனிட்', 'டெஸ்ட்ராய்' இரண்டுக்கும் இதேதான்.

தம்பி செய்யவேண்டியது இதுதான். சதுர டெசிமீட்டரை டீஃபால்ட்டாகச் சேருங்கள். அந்த டீஃபால்ட் உள்ளே எதைக் கூப்பிடுகிறது என்பதை ஜாவாடாக்கில் எழுதுங்கள், ஓவர்ரைடு செய்பவருக்கு அது தெரியவேண்டும். எடையைத் தனி இன்டர்ஃபேஸுக்கு மாற்றுங்கள். மாவட்டத்தை 'தோல்' பக்கமே கொண்டுவராதீர்கள். வெளியிடும் முன் இரண்டு சோதனை. வாடிக்கையாளர்களிடமிருந்து அவர்களுடைய பழைய ஜார்களில் நான்கைந்து கேட்டு வாங்கி, மறுபடி கம்பைல் செய்யாமல் புதிய ஜாரோடு ஓட்டிப் பாருங்கள். பிறகு, சோர்ஸ் தரச் சம்மதிப்பவர்களுடையதை முழுதாகக் கம்பைல் செய்து பாருங்கள். முதலாவதில் ரன்டைம் கோளாறு தெரியும், இரண்டாவதில் பெயர் மோதல் தெரியும். ஒன்றில் பிடிபடுவது மற்றதில் தப்பிவிடலாம், ஆகவே இரண்டையும் செய்யுங்கள். ஜார் கொடுப்பவர்களில் ரேப்பர் எழுதி வைத்திருக்கும் நிறுவனம் ஒன்றாவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.